ஒன்று இருபதுக்கு எடுத்த அளவு

'2024 அக்டோபர் 3, வியாழன். ஏழாம் கட்டை மதகு. அளவுப் படிவத்தில் நேரம் 1.20 என்று எழுதினேன். அது தவறு. 1.20க்கு நான் ஜெராமில் நண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மதகுக்குத் திரும்பியபோது மணி 2.55. சின்னத் தவறுதான். ஆனாலும் தவறு.'

எழுதி முடித்துப் பேனாவை மூடிய ஜெனவீவ், மறுபடி திறந்தாள். 'சின்ன' என்ற சொல் அங்கே இருக்கலாமா என்று யோசித்தாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கட்டுமான மேற்பார்வை டிப்ளோமாவுக்காகக் கோலசிலாங்கூரில் நடக்கும் மாலை வகுப்பில் கொடுத்த புத்தகம் அது. தடித்த அட்டை, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு. வேலையிடத்தில் நடப்பதை அன்றன்றைக்கே எழுத வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. தப்பாக எழுதியதை ஒரே ஒரு கோட்டால் அடித்து, அடியில் இருப்பது தெரியும்படி விட்டு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். இவ்வளவும் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. வகுப்பில் பாதிப் பேர் வாரக் கடைசியில் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மையில் எழுதித் தள்ளுவார்கள். ஜெனவீவுக்கு அது வராது. பொய் சொல்லக் கூடாது என்ற வைராக்கியம் ஒன்றும் இல்லை. எழுதாத நாளில் தான் என்ன செய்தோம் என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிடும்.

வயது இருபத்துமூன்று. வீடு புக்கிட் ரோத்தானில். வடிகால்களையும் கடலோரக் கரைகளையும் கவனிக்கும் அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. டிசம்பரில் ஒப்பந்தம் முடியும். புதுப்பிப்பார்களா என்பது நடராஜா எழுதும் இரண்டு வரியில் இருந்தது. நடராஜா அவளுடைய மேலதிகாரி. முப்பது வருட சர்வீஸ். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வெளியே சாப்பிடப் போனால் அலுவலகக் காவலாளிக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வராமல் இருக்க மாட்டார்.

ஏழாவது மைலில் இருந்ததால் ஏழாம் கட்டை என்று பெயர் பெற்ற தோட்டத்தில், செம்பனை முடியும் இடத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு லயமும், லயத்துக்குப் பின்னால் பண்டு என்று சொல்லும் ஒரு மண்கரையும், அதற்கப்பால் கண்டல் காடும் கடலும். கரையின் நடுவே மதகு. கடல் வற்றும்போது அதைத் திறந்தால் தோட்டத்து மழைநீர் வெளியே போகும். கடல் ஏறும்போது மூடினால் உப்புத்தண்ணீர் உள்ளே வராது. பழைய மதகை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டியது டக்ளஸின் கம்பெனி. தண்ணீர் அடியில் குடைந்துவிடாதபடி கடல் பக்கத்தில் மதகின் காலடி முழுக்க இரண்டு அடுக்குப் பாறைக்கல் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தக் கல்லைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிய இரண்டு மூன்று நாள்தான். அதிலும் நண்பகலில் ஒரு மணி நேரந்தான். மற்ற நேரமெல்லாம் மேலே தண்ணீர் நிற்கும். அளக்கப் போகிறவர்கள் நிலாவைக் கேட்டுத்தான் தேதி வைக்க வேண்டும்.

அக்டோபர் மூன்றாம் தேதி கடல் முழுதும் வற்றும் நேரம் 12.50 என்று அட்டவணை சொன்னது. ஜெனவீவும் நடராஜாவும் 11.45க்கே போய்விட்டார்கள். அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது லயத்தின் கடைசி வீட்டிலிருந்து அம்சவள்ளி ஒரு தட்டில் மூன்று கிளாஸ் தேநீருடன் கரை ஏறி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோட்டத்தில் உர வேலை. அன்று அரை நாள்.

"குடிங்கமா. வெயிலு மண்டையப் பொளக்குது."

"வேணாங்க அக்கா. எங்களுக்கு ரூல்ஸ் இருக்கு. வேலை எடத்துல யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாது."

"டீயுமா?"

"டீயும்தான்."

"அப்ப சரி. ரூல்ஸ்காரங்க வந்துட்டாங்க. இனிமே தண்ணி உள்ள வராது." அம்சவள்ளி சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு. நடராஜா மட்டும் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டார். கடைசி வீட்டு ஜன்னலைக் காட்டி அவள் சொன்னாள்: "அங்க பாருங்க, எங்க வீட்டுக்காரரு. ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருசமாப் படுக்கையிலதான். இந்தப் பண்டு வேலைதான் அவருக்கு டிவி. இன்னிக்கி அளக்க வர்றாங்கன்னு காலையிலேர்ந்து உங்களுக்காகக் காத்துக் கெடக்காரு."

ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. ஜெனவீவ் கையசைத்தாள். முகம் அசையவில்லை, பார்த்துக்கொண்டிருந்தது.

12.10க்கு டக்ளஸின் வண்டி வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. ஜெனவீவ் போகும் கோயிலில் ஞாயிறு பூசையில் பாடற்குழுவின் கடைசி வரிசையில் நின்று கனத்த குரலில் பாடுவாரே, அதே டக்ளஸ்.

"என்ன ஜெனி, இப்பவே எறங்கப் போறியா? முட்டி வரைக்கும் சேறு மா. வா, சாப்பிட்டு வந்துரலாம். ஜெராம் பதினஞ்சு நிமிசந்தான்."

"பன்னண்டு அம்பதுக்கு வத்திரும் அங்கிள்."

"தண்ணி என்ன பஸ்ஸா, கரெக்டா வந்து கரெக்டாக் கெளம்ப? ரெண்டு மணி வரைக்கும் காஞ்சுதான் கெடக்கும். நான் இங்கதான ஒரு வருசமா நிக்கிறேன்."

நடராஜா அதற்குள் வண்டியின் முன் கதவைத் திறந்திருந்தார். "வா மா, பசியோட அளந்தா அளவு தப்பும்."

நான் இங்கேயே இருக்கிறேன் என்று ஜெனவீவ் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் மூன்று வருடங்களுக்கு முன் அவள் அம்மா இறந்தபோது வீட்டில் எட்டு நாள் அடுப்பு எரியவில்லை. எட்டு நாளும் காலை, மதியம், இரவு என்று டக்ளஸ் வீட்டிலிருந்துதான் அடுக்குக் கேரியரில் சாப்பாடு வந்தது. அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவள், இப்போது 'ரூல்ஸ் இருக்கு அங்கிள்' என்று எந்த வாயால் சொல்வாள்? பூட்ஸைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

சீனி முகம்மதுவின் கடை கடலைப் பார்த்தபடி இருந்தது. நண்டு மிளகு வறுவல், மீன்தலைக் கறி, சொத்தோங் என்ற கணவாய்ப் பொரியல். தட்டுகள் வந்ததும் டக்ளஸ் கண்ணை மூடி ஜெபம் சொன்னார். நீளமான ஜெபம். உணவுக்கு, உழைப்புக்கு, நடராஜாவின் உடல்நலத்துக்கு, கடைசியில் 'இந்தப் பிள்ளையின் தாயாருடைய ஆத்துமாவுக்கு'. ஜெனவீவ் சிலுவை போட்டுக்கொண்டு கண் திறந்தாள். அதற்கப்புறம் அது ஒப்பந்தக்காரர் வாங்கிக் கொடுத்த சாப்பாடாக அவளுக்குத் தோன்றவே இல்லை. கோயில் திருநாளில் ஒரே பந்தியில் உட்கார்ந்தது போல இருந்தது. ஜெபம் சொல்லித் தொடங்கிய பந்தியில் பாதியில் எழுந்திருப்பது அவர்கள் பழக்கத்தில் இல்லை. கடிகாரத்தைப் பார்ப்பதுகூட மரியாதை இல்லை.

அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். 1.20.

"அங்கிள், தண்ணி..."

"இன்னொரு தட்டு வருது மா."

நண்டை மேசையில் வைத்த சீனி முகம்மது, ஈரக் கையைத் தோள் துண்டில் துடைத்தபடி வெளியே பார்த்தார். "கடலு திரும்பிருச்சு தம்பி. வேலை இருக்குன்னீங்களே."

"பாய், நீங்க நண்டப் பாருங்க. கடல நாங்க பாத்துக்கிறோம்."

நடராஜா வாய்விட்டுச் சிரித்தார். ஜெனவீவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அன்று புத்தகத்தில் எழுதலாமா என்று யோசித்துவிட்டுத் தேவையில்லை என்று விட்டிருந்தாள்.

2.55க்குத் திரும்பியபோது மதகின் காலடியில் நெஞ்சளவு பழுப்புத் தண்ணீர். கரையில் அவளுடைய பூட்ஸ் மட்டும் ஜோடியாக நின்றது. டக்ளஸின் ஆள் ஒரு தாளை நீட்டினான். அளவுகளெல்லாம் வரிசையாக, அழகான கையெழுத்தில் இருந்தன.

"எழுதிக்கோ மா," என்றார் நடராஜா. "அடுத்து வத்துறதுக்கு ரெண்டு வாரம் ஆகும். திங்கக்கெழம ஒப்படைப்பு."

"டைம் என்ன சார் போடறது?"

"தண்ணி வத்தியிருந்த நேரத்தப் போடு. மூணு மணின்னு போட்டா, முங்கியா அளந்தீங்கன்னு கேப்பாங்க."

அப்போது அவளுக்கு நினைவிலிருந்த நேரம் ஒன்றுதான். 1.20 என்று எழுதினாள். நடராஜா கையெழுத்துப் போட்டார். கரையோரக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்சவள்ளி, "அளந்தாச்சா சார்?" என்று கேட்டாள்.

"ஆச்சு, ஆச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். "அளந்தாச்சாமுங்க!"

மறுநாள் காலை ஜெனவீவ் அலுவலகத்தின் தேநீர் அறையில் நின்று சுற்றறிக்கையை முதல்முறையாக முழுதும் படித்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாள் அது. ஒப்பந்தக்காரரிடம் பரிசோ விருந்தோ பெறக் கூடாது. தவிர்க்க முடியாமல் பெற்றால் உடனே படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தாளைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தம் ஏதோ ஒரு கட்டுமானக் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது.

அவள் படிவம் எடுத்து நிரப்பினாள். நாள், இடம், உடனிருந்தவர்கள், உண்டவை. நண்டு இரண்டு தட்டு என்றுகூட எழுதினாள். கடைசிக் கேள்வி: இந்த உபசரிப்பு உங்கள் பணியை எவ்வகையிலாவது பாதித்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். 'ஆம்' என்றால் நேரத்தைச் சொல்ல வேண்டும். நேரத்தைச் சொன்னால் அளவைச் சொல்ல வேண்டும். அளவில் தப்பு இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கல் அங்கேதான் இருக்கும். இருக்கிற கல்லை அவள் பார்க்கவில்லை, அவ்வளவுதானே. 'இல்லை' கட்டத்தில் குறி போட்டாள்.

நடராஜா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நண்டுக்குப் போரமா?"

"சுற்றறிக்கையில இருக்கு சார்."

"அதுல எல்லாந்தான் இருக்கு. என் பேரையும் சேத்து எழுதியிருக்கியே மா." சத்தம் உயரவில்லை. படிவத்தை இரண்டாக மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். "நல்ல பிள்ளை நீ. இது எங்கிட்ட இருக்கட்டும்."

திங்கட்கிழமை ஒப்படைப்பு முடிந்தது. புகைப்படத்தில் ஜெனவீவ் ஓரத்தில் நின்றாள்.

கல் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டு நாள் கடந்தன. பதினாறாம் தேதி, பௌர்ணமிக்கு முதல் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் யாரிடமும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளில் ஏழாம் கட்டைக்குப் போனாள். கடல் நன்றாக வற்றியிருந்தது. கரையிலிருந்து எட்டிப் பார்த்தால் மதகின் இரண்டு பக்கச் சுவர்களை ஒட்டியும் கல் தெரிந்தது. மனசு லேசாகி, கீழே இறங்கினாள்.

நடுவில் கல் இல்லை. மேலிருந்து கண்ணுக்குப் படும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு அடுக்கு. நடுவில் முழுக்கச் சேறு. அளவுக்கோலை ஊன்றினாள். எதிலும் முட்டாமல் இறங்கிக்கொண்டே போனது. தன் மேல் நம்பிக்கை இல்லாததால் மூன்று இடத்தில் ஊன்றினாள். பிறகு கோலின் மேல் சந்தேகப்பட்டுக் கையை விட்டுத் துழாவினாள். தோள் வரை சேறு.

மேலே ஏறியபோது அம்சவள்ளி நின்றிருந்தாள். "என்னமா, மறுபடியும்? ஒத்தையா வந்திருக்க?"

"சும்மா ஒரு பார்வைக்கா."

"டீ வேணுமான்னு கேக்க மாட்டேன். ரூல்ஸ்." சொல்லிவிட்டு ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் கையில் ஊற்றினாள். "கழுவிக்கவாவது செய்யலாமா?"

சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை விடியற்காலை பெரிய கடலேற்றம் வருகிறது, அக்கா, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஒரே வாக்கியம். ஆனால் அப்படிச் சொன்னால் அலுவலகம் சொன்னதாக ஆகிவிடும். முதலில் மேலதிகாரியிடம் தெரிவிப்பதுதானே முறை.

அலுவலகத்துக்குத் திரும்பி நடராஜாவிடம் கண்டதைச் சொன்னாள்.

"நீ தப்பாப் பாத்திருப்ப."

"மூணு தடவை ஊணினேன் சார்."

"சரி. திங்கக்கெழம டக்ளஸ்கிட்டப் பேசறேன். ரெண்டு லோரி கல்லு கொட்டினா முடிஞ்சது."

"வெள்ளிக்கெழம பெரிய ஏத்தம் சார்."

"அது வருசா வருசம் வர்றதுதான் மா."

அன்று அவள் புத்தகத்தில் எழுதினாள்: 'மே.அ.விடம் தெரிவித்தேன். திங்கள் நடவடிக்கை.' திங்கள் என்பதன் கீழ் அடிக்கோடு போட்டாள். மறுநாள் மாலை வகுப்புக்குப் போனாள். மண்ணழுத்தம் பற்றிப் பாடம். குறிப்பு எடுத்தாள். அவர் முப்பது வருடம் பார்த்தவர், நான் ஒன்றரை வருடம் என்று நினைத்தாள். பிறகு, என் கைதானே சேற்றில் போனது என்று நினைத்தாள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்ததில் பொழுது போனது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கடல் கல்லில்லாத இடத்தைக் கண்டுபிடித்தது. அடியில் குடைந்து உள்ளே வந்தது. மதகு ஒரு பக்கம் சாய, அதை ஒட்டிய கரை பத்து மீட்டர் சரிந்தது. கால் மணி நேரத்தில் லயத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். ஓட முடிந்தவர்கள் சாலைக்கு ஓடினார்கள். அம்சவள்ளி ஐந்தரைக்கே தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போயிருந்தாள். கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவதுதான் அவள் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைவு வந்து திரும்பிப் போய்க் கதவை உடைத்தபோது தண்ணீர் மெத்தைக்கு மேல் வந்திருந்தது. அவள் கணவர் தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், உப்புத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை போய்விட்டது.

அலுவலகம் அனுப்பிய மலர்வளையத்துடன் ஜெனவீவ்தான் சாவு வீட்டுக்குப் போனாள். நடராஜா மருத்துவ விடுப்பில் இருந்தார். லயத்துச் சுவரில் இடுப்பளவில் சேற்றுக்கோடு. சடங்கெல்லாம் முடிந்தபின் அம்சவள்ளி அவளை அடையாளம் கண்டு அருகில் வந்தாள். அழுகை ஓய்ந்து குரல் கம்மியிருந்தது.

"நீ அன்னிக்கி ஒத்தையா வந்து எறங்கிப் பாத்தியே மா. என்ன பாத்த?"

"தண்ணி இருந்துச்சு அக்கா. சரியாத் தெரியல."

அம்சவள்ளி அவள் கையைப் பார்த்தாள். தான் வாளித் தண்ணீர் ஊற்றிச் சேறு கழுவிய கை. உள்ளே போய்விட்டாள்.

ஷா ஆலாமில் உள்ள தலைமை அலுவலகத்தில் விசாரணைக் குழு அமைந்தது. வழக்கத்துக்கு மாறான கடலேற்றமே காரணம் என்று டக்ளஸின் கம்பெனி கடிதம் கொடுத்தது. அளவுப் படிவம் எல்லாம் சரி என்றது. அளவு எடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வாக்குமூலம் தர வேண்டும். ஜெனவீவின் முறை நவம்பர் பதின்மூன்று, புதன்.

பன்னிரண்டாம் தேதி செவ்வாய். அன்று முதல்முறையாக அவள் வகுப்புக்குப் போகவில்லை. மாலை ஏழு மணிக்கு நடராஜா வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் பை. மறு கையில் நான்கடுக்குக் கேரியர்; மூன்று வருடங்களுக்கு முன் எட்டு நாள் வந்து போன அதே கேரியர், கைப்பிடியில் பச்சை நூல் சுற்றியது.

"டக்ளஸ் வீட்டம்மா கொடுத்து விட்டாங்க. நீ சரியாச் சாப்பிடறதில்லையாம்." மேசையில் வைத்தார். பையிலிருந்து தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பக்க எண்கள் அச்சிட்ட அதே மாதிரிப் புத்தகம், புதியது. "வகுப்புக்கு டைரி எழுதறியாமே. அது ஆபீஸ் ரெக்கார்ட் இல்ல, ஆனா கேட்டாலும் கேப்பாங்க. இதுல அக்டோபர் மாசத்த அழகா எழுதிரு. மத்தது எதையும் மாத்த வேணாம். அந்தச் சாப்பாடு, அந்தப் பதினாறாம் தேதி, ரெண்டு மட்டும்."

"பழச என்ன சார் பண்றது?"

"தண்ணியில போச்சு. ஊர்ல எத்தனையோ போச்சு."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஒரு மாதத்தில் இளைத்துப் போய், சட்டைக் கழுத்து தொளதொளவென்றிருந்தது.

"மெரட்டறேன்னு நெனக்காத மா. ஒன் நண்டுப் போரம் எங்கிட்டத்தான் இருக்கு. அதுல வேலையைப் பாதிக்கலன்னு நீயே டிக் பண்ணியிருக்க. நாளைக்கு நீ மாத்திப் பேசினா, அன்னிக்கி ஏன் பொய் சொன்னேன்னு ஒன்னத்தான் மொதல்ல கேப்பாங்க. அளவ எழுதினது ஒன் கை. எனக்குப் பென்சனுக்கு ரெண்டு வருசம். ஒனக்கு வாழ்க்க முழுக்க இருக்கு. அதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவர் போனபின் அப்பா குளித்துவிட்டு வந்து கேரியரின் மேல் தட்டைத் தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்கு. எடுத்து வைக்கவா?"

"தொறக்காதீங்கப்பா."

"டக்ளஸ் வீட்டுது போலருக்கு."

"ஆமா."

"ஒங்கம்மா செத்தப்ப அந்தக் குடும்பம்..."

"தெரியும்பா. இப்ப நம்ம வீட்டுல யாரும் சாகல."

அப்பா அவளைப் பார்த்தார். சாவு விழுந்த வீட்டுக்கு இந்தக் கேரியர் போகவில்லை என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். முட்டை பொரிக்க அடுப்படிக்குப் போனார்.

ஜெனவீவ் இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துக்கொண்டாள். புதியதைத் திறந்தாள். முதல் பக்கத்தில் அதே விதிகள். எழுதத் தொடங்கினாள். கை தடையில்லாமல் ஓடியது. அக்டோபர் 1. அக்டோபர் 2. அக்டோபர் 3, வியாழன், ஏழாம் கட்டை மதகு. வந்த நேரம் 11.45. பழைய புத்தகத்தில் அடுத்த வரி: 'அம்சவள்ளி தேநீர் கொடுத்தார். விதிப்படி மறுத்தேன்.' அதையும் எழுதினாள். அடுத்து ஜெராம் வரிகளை விட்டுவிட்டு, '1.20: அளவு எடுத்தோம்' என்று எழுதினாள்.

எழுதியதைப் படித்துப் பார்த்தாள். தேநீரைக்கூடத் தொடாத ஒரு பெண் சரியான நேரத்தில் இறங்கி அளவு எடுத்திருந்தாள். எங்கும் ஒரு பிசிறு இல்லை. விசாரணைக் குழுவில் யாராவது இதைப் படித்தால் மெச்சுவார்கள். இன்று கணவரை இழந்து நிற்கும் பெண் அன்று கொண்டுவந்த மூன்று கிளாஸ் தேநீர் இனி ஜெனவீவுக்கு நற்சான்றாக நிற்கும்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் முகம் கழுவினாள். கையையும் கழுவினாள், முழங்கை வரை. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, புதிய புத்தகத்தை மூடாமல் அப்படியே தள்ளிவைத்தாள். நாளை அதையும் அவர்கள் பார்க்கட்டும்.

பழைய புத்தகத்தில் அக்டோபர் 3க்குப் போனாள். 'சின்னத் தவறுதான்' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். அடியில் இருப்பது தெரிந்தது. பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து, தேதி. அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் எதையும் தொடவில்லை.

பிறகு இன்றைய பக்கத்தைத் திறந்து எழுதினாள். நடராஜா வந்த நேரம், கொண்டுவந்தவை, சொன்னவை. புதிய புத்தகத்தில் தான் மூன்று நாள் பதிவுகளை எழுதியது. நண்டுப் படிவத்தில் 'இல்லை' என்று குறியிட்டது பொய் என்பது. பதினாறாம் தேதி சேற்றில் கண்டதை அம்சவள்ளியிடம் சொல்லாதது. சாவு வீட்டில் அவர் கேட்டும் சொல்லாதது. பயந்ததால் என்று ஒரு காரணம் எழுதப் பார்த்தாள்; சரியான காரணம் அதுதானா என்று தெரியவில்லை; காரணத்துக்கு இடம் விட்டுவிட்டாள்.

வேலை போகும். டிசம்பர் வரைகூட இருக்காது. அளவுப் படிவத்தை எழுதியது தன் கை என்பதால், வேலையோடு முடியாமல் வழக்கும் வரலாம். அதையும் யோசித்தாள். யோசித்து முடிவதாகத் தெரியவில்லை. ஆகவே பக்கத்தின் கடைசியில், வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி, மறுநாள் வேலையை எழுதினாள்.

'நாளை, நவம்பர் 13, புதன். 7.15: கேரியரை டக்ளஸ் வீட்டில் திருப்பிக் கொடுப்பது. திறக்கவில்லை, கழுவத் தேவையில்லை. 7.40: ஏழாம் கட்டை, அம்சவள்ளி. பதினாறாம் தேதி பார்த்ததை முதலில் அவரிடம் சொல்வது. 10.00: ஷா ஆலாம், மூன்றாம் மாடி, வாக்குமூலம். இரண்டு புத்தகங்களையும் எடுத்துப் போவது.'